இரண்டாவது ஆமாம்

என் மனைவியின் தம்பிக்கு 'இல்லை' என்று சொல்ல வராது. அவன் பிறந்தபோது, "பையனா?" என்று யாரோ வெளியிலிருந்து கேட்டதற்கு அவனே "ஆமாம்" என்று பதில் சொன்னதாக என் மனைவி சொல்வாள். அப்போது அவள் பக்கத்து அறையில் இருந்தவள், அதனால் நம்பலாம். பள்ளிக்கூடத்தில் யார் செய்த குறும்புக்கும் "நீதானாடா?" என்று வாத்தியார் கேட்டால் "ஆமாம் சார்" என்பான். வாத்தியார்களுக்கு வேலை மிச்சம். கடைசியில் ஆமாஞ்சாமி என்ற பெயரே நிலைத்துவிட்டது. அவனுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்த்து, யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று தேடுவான்.

அவனுடைய சிநேகிதன் ஏணி. உயரத்துக்கு வைத்த பெயர். மழை வந்தால் எங்கள் தெருவில் முதலில் நனைகிறவன் அவன்தான். "தூறுது" என்று அவன் சொல்லி, நாங்கள் கொடியில் கிடக்கும் துணியை எடுத்து உள்ளே போட்டு, ஒரு டீயும் குடித்து முடித்த பிறகுதான் எங்கள் தலையில் முதல் சொட்டு விழும்.

இரண்டு பேரும் ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் இளவயதில் சேர்ந்து, தலை நரைக்கும்வரை அங்கேயே இருந்தார்கள். அவர்கள் வெளுத்த படுக்கை விரிப்பில் படுக்கிறவர்கள் கண் கூசாமல் இருக்கக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் தூங்கினார்கள் என்று கேள்வி. அப்படிப்பட்ட ஓட்டலையும் ஒரு நாள் பூட்டினார்கள். இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தார்கள். ஐம்பது வயதில் வீட்டில் சும்மா இருக்கும் ஆம்பிளை, எந்த அறையில் போய் உட்கார்ந்தாலும் அந்த அறையைத்தான் அப்போது பெருக்க வேண்டியிருக்கும்.

கொஞ்ச நாளில் ஒரு விளம்பரம் வந்தது. மருத்துவமனை ஒன்றின் சலவைக்கூடத்துக்கு ஒரு ஷிப்ட் சூப்பர்வைசர் வேண்டும். ஒரே ஒரு ஆள். இரண்டு பேரும் மனுப் போட்டார்கள். இரண்டு பேரையும் நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள்.

"யாருக்குக் கெடச்சாலும் ஒண்ணுதான்டா," என்றான் ஏணி.

"ஆமாம்," என்றான் மச்சினன்.

ஒன்றில்லை. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். மச்சினன் வீட்டில் அவன் மனைவி டீச்சர் வேலை பார்க்கிறாள், அடுப்பு அணையாது. ஏணியின் மனைவி முழங்கால் மடங்காமல் தையல் வேலையை விட்டவள். இரண்டு பெண்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வேலை ஏணிக்கு வேண்டும்.

பயிற்சிக்கு எங்கள் வீடுதான் இடம். சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் மூன்று நாற்காலி போட்டோம். நடுவில் என் மனைவி. அவள் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு ஒரு பார்வை பார்த்தால், வேலை கேட்டு வந்தவன் இருக்கிற வேலையையும் விட்டுவிட்டுப் போய்விடுவான். வலப்பக்கம் நான். இடப்பக்கத்துக்கு ஆள் கிடைக்காததால் இஸ்திரிப் பெட்டியை வைத்தோம். மூன்று பேரில் அதுதான் கொஞ்சம் இளகின மனசு.

"உங்களைப் பத்திச் சொல்லுங்க," என்றாள் என் மனைவி, இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பியைப் பார்த்து.

"அக்கா, நான்..."

"யாருடா அக்கா? இங்க அக்கா தங்கச்சி யாரும் கெடையாது. மேடம்னு சொல்லு."

"சரி மேடம்க்கா."

"உங்களோட பலவீனம் என்ன?"

"யார் எது கேட்டாலும் ஆமாம்னு சொல்லிடுவேன்."

"அது பலவீனம்னு ஒத்துக்கறீங்களா?"

"ஆமாம்."

அடுத்து ஏணி உட்கார்ந்தான். உட்கார்ந்த பிறகும் என் மனைவி நிமிர்ந்துதான் பேச வேண்டியிருந்தது. "உங்க பலவீனம்?"

ஏணி நெடுநேரம் யோசித்தான். "வாசப்படில தலை இடிக்கும்."

"வேலையில கஷ்டமான ஒரு நெலம வந்து, அதை நீங்க சமாளிச்சது ஒண்ணு சொல்லுங்க." இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேட்பார்கள் என்று மச்சினன் மனைவி டீச்சரம்மா சொல்லி அனுப்பியிருந்தாள்.

மச்சினனிடம் இதற்கு ஒரு நல்ல பதில் இருந்தது. ஓட்டலில் ஒரு தடவை தலையணை உறைக்குள் யாரோ விட்டுப்போன மோதிரத்தைக் கண்டெடுத்து, யாரும் பார்க்காதபோதும் கொண்டுபோய்க் கொடுத்தவன் அவன். நேர்மைக்காக முதலாளி எல்லார் முன்னாலும் கைகுலுக்கினார். அதை அவன் சொன்னதும் என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இது போதும்டா. இனிமே இதைத் தொடாத," என்று விட்டுவிட்டோம். நாங்கள் செய்த பிசகு அதுதான். நன்றாக இருந்த பதிலை அதற்கப்புறம் அவன் ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கவில்லை.

ஏணியின் பதில் இப்படி இருந்தது: "ஒரு தடவ டிரையர்ல புகை வந்துச்சு. நிறுத்தினேன். ஒண்ணும் பெரிசா இல்ல."

மச்சினன் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தான். "ஒண்ணும் பெரிசா இல்லையா? டேய், அன்னைக்கு நீ இல்லேன்னா ஓட்டலே இல்லடா!"

நடந்தது என்னவென்றால், மசாஜ் அறைத் துண்டுகளை எண்ணெய்ப் பிசுக்கோடு துணி உலர்த்தும் பெரிய டிரையரில் போட்டுச் சூடு ஆறாமலே விட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார்கள். அப்படிக் கிடக்கும் துணி தானாகவே கனிந்து பற்றிக்கொள்ளும். கதவு மூடியிருக்கும்வரை உள்ளே காற்று போதாமல் புகைந்துகொண்டு கிடக்கும். திறந்தால் குப்பென்று கிளம்பிவிடும். புகையைப் பார்த்ததும் எல்லோரும் கதவைத் திறக்கத்தான் ஓடினார்கள். ஏணி சுவிட்சை அணைத்து, கேஸ் குழாயை மூடி, டிரையர் கதவில் முதுகைக் கொடுத்துக் கைகளை விரித்து நின்றுவிட்டான். சமையல்காரர்களும் மேனேஜரும் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். அவன் நகரவில்லை. கதவின் இரும்பு வளையம் அவன் முதுகில் வட்டமாகச் சுட்டுவிட்டது. நெருப்பு உள்ளேயே செத்தது.

அந்த நேரத்தில் என் மச்சினன் அழுக்குத் துணி தள்ளும் வண்டிக்குள் குதித்து, மேலே இரண்டு போர்வையை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். அந்த வண்டி குறுக்கே இல்லாமல் இருந்திருந்தால் அவன் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருப்பான்.

"இப்படிச் சொல்லணும், பாரு," என்று மச்சினன் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் முதுகை வைத்துக் கையை விரித்தான். "நான் நானா இல்ல, நீயா சொல்றேன், கேட்டுக்க. 'மேடம், அன்னைக்கு மசாஜ் ரூம் துண்டெல்லாம் எண்ணெயோட வெந்துக்கிட்டிருக்கு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரே புகை. எல்லாரும் கதவத் திறங்கன்னு கத்துறாங்க. நான் சொன்னேன், என் முதுகத் தாண்டித் திறங்கடான்னு!'"

எனக்கே ஃப்ரிட்ஜுக்குள் பால் பொங்குகிற வாசனை வந்தது.

ஏணி திருப்பிச் சொன்னான். வார்த்தை மாறவில்லை. ஆனால் மின்தடை அறிவிப்பு வாசிப்பது போல இருந்தது.

"நீ சொன்னா நெருப்பு தெரியுதுடா," என்றாள் என் மனைவி தம்பியிடம். "அவரு சொன்னா புகைகூட வரல. இன்னொரு தடவ சொல்லிக் காட்டு."

சொல்லிக் காட்டினான். தினமும் சாயங்காலம் சொல்லிக் காட்டினான். ஏணிக்குக் குரல் ஏறவேண்டும் என்பதற்காக, ஏணியாக நின்று, ஏணியாகக் கத்தி, ஏணியாக முதுகு சுட்டு 'ஸ்ஸ்' என்றான். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் அவன் உயரம்கூடக் கொஞ்சம் வளர்ந்திருக்கும்.

தேர்வு நாள் காலையில் இரண்டு பேரும் தங்கள் சட்டைகளுக்குத் தாங்களே கஞ்சி போட்டு இஸ்திரி போட்டிருந்தார்கள். அந்தச் சட்டைகள் ஆள் இல்லாமலே நிற்கும். நான் துணைக்குப் போயிருந்தேன். பச்சை பெயின்ட் அடித்த நடைவழி, ஒரு பெஞ்சு, பினாயில் வாசனை. முதலில் மச்சினனைக் கூப்பிட்டார்கள்.

உள்ளே நடந்ததை அவன் வெகுநாள் கழித்துத்தான் என்னிடம் சொன்னான். ஆனால் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது.

மூன்று பேர் இருந்தார்களாம். நடுவில் சலவைக்கூடத்தின் தலைவி, நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய அம்மாள். ஒரு பக்கம் எஞ்சினியர். இன்னொரு பக்கம் ஆளெடுக்கும் பிரிவுக்காரர். அந்த மூன்றாவது ஆளைப் பார்த்ததும் எங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டி ஞாபகம் வந்து மச்சினனுக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கிறது. அம்மாள் அந்தக் கேள்வியைக் கேட்டாள். மச்சினன் மோதிரத்தை எடுக்க வாயைத் திறந்தான். மோதிரம் வரவில்லை. தலையணை உறையும் வரவில்லை. தலைக்குள் தேடிப் பார்த்தால் வெளுத்த விரிப்பு மாதிரி வெறுமையாக இருக்கிறது. ஆனால் வாய் சும்மா இருக்குமா? பழகின தடத்தில் போய்விட்டது.

"மேடம், அன்னைக்கு மசாஜ் ரூம் துண்டெல்லாம் எண்ணெயோட வெந்துக்கிட்டிருக்கு..."

ஏணி சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது பாதியில்தான் அவனுக்கு உறைத்தது. அதற்குள் எஞ்சினியர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முன்னால் சாய்ந்திருந்தார்.

"நீங்களேவா கதவ மறிச்சு நின்னீங்க?" என்று அம்மாள் கேட்டாள்.

"ஆமாம்."

வெளியே வந்தபோது அவன் முகத்தில் சட்டையைவிட அதிகக் கஞ்சி இருந்தது. "எப்படிடா?" என்று கேட்டேன். தலையை ஆட்டினான். எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாத ஆட்டல்.

ஏணி குனிந்து உள்ளே போனான். சீக்கிரமே திரும்பி வந்தான். பெஞ்சில் உட்கார்ந்து, கையை முழங்காலில் வைத்துக்கொண்டு, சிரித்தான்.

"டேய், என்னைப் பத்தி உள்ள சொல்லியிருக்கியா?"

மச்சினன் சட்டைக்கை மடிப்பைத் தடவிக்கொண்டிருந்தான்.

"நான் அந்த டிரையர் விஷயத்த ஆரம்பிச்சதுமே மூணு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. அந்த எஞ்சினியர் சிரிச்சிட்டாரு. 'போதும், தெரியும்'னுட்டாங்க. எல்லாருக்கும் முன்னாடியே தெரிஞ்சிருக்கு. எனக்காக நீதான் எடுத்துச் சொல்லியிருக்க, இல்லையா? உன் நேரத்துல என் கதையச் சொன்னியாடா?"

"ஆமாம்," என்றான் என் மச்சினன்.

ஏணி அவன் தோளில் கை போட்டு ஒரு அழுத்து அழுத்தினான். "நீ சொல்லியும் என்னால ஒழுங்கா சொல்ல முடியல பாரு. நான் சொன்னதக் கேட்டு அவங்களுக்குச் சிரிப்புதான் வந்துச்சு."

வேலை மச்சினனுக்குக் கிடைத்தது. செய்தி வந்த சாயங்காலம் முதல் ஆளாக வந்து கைகுலுக்கியவன் ஏணி. பிஸ்கட் பாக்கெட்டோடு வந்திருந்தான்.

அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டில் ஒரு விபரீதம் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்த தம்பியிடம் என் மனைவி "டீ போடட்டுமா?" என்று கேட்டாள்.

"இல்ல."

என் மனைவி கையிலிருந்த பாத்திரத்தை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். "ஒடம்பு நல்லாத்தானே இருக்கு?"

"இல்ல."

"புது வேலை புடிச்சிருக்கா?"

"இல்லக்கா."

அவள் என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போனாள். "என் தம்பி 'இல்ல'ங்கறான்! உடனே டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க."

டாக்டர் எதைக் கண்டுபிடிப்பார்? அவன் விடும் பெருமூச்சு ஒவ்வொன்றும் அவ்வளவு நீளம், அவ்வளவு சூடு. பின்கட்டில் உட்கார்ந்து அவன் மூச்சு விட்டால் எதிர்வீட்டுக் கொடியில் ஈரத்துணி காய்ந்தது. எதிர்வீட்டு அம்மாள் அந்த மழைக்காலம் முழுக்கத் துணி துவைத்துப் போட்டுவிட்டு, "உங்க மச்சினன் இன்னைக்கு வருவாரா?" என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் அவன் என்னை மட்டும் பின்கட்டுக்குக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கொட்டினான்.

"மொதல்ல வாய் தவறித்தான் அத்தான் வந்துச்சு. சத்தியமா. ஆனா பாதியில தெரிஞ்சுபோச்சு. நிறுத்தியிருக்கலாம். அவங்க அப்படி ஆசையாக் கேட்டாங்க அத்தான். என் கதைய யாரும் அப்படிக் கேட்டதே இல்ல."

"இப்ப என்ன ஆச்சு?"

"அந்த அம்மா மாசாமாசம் புது ஆளுங்கள நிறுத்தி வச்சு என்னச் சொல்லச் சொல்றாங்க. டிரையர் பாதுகாப்புப் பாடம் நான்தான். ரெண்டு தடவ சொல்லிட்டேன். ரெண்டாவது தடவ கை தட்டினாங்க. நான்..." அவன் தரையைப் பார்த்தான். "நான் ரெண்டாவது தடவ இன்னும் நல்லா சொன்னேன் அத்தான்."

அவனுடைய வருத்தம் எங்கே இருக்கிறது என்று அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. 'இன்னொரு தடவ சொல்லிக் காட்டு' என்று அவனைக் கிளப்பிவிட்ட மேசைக்குப் பின்னால் நானும்தானே உட்கார்ந்திருந்தேன். இஸ்திரிப் பெட்டி ஒன்றுதான் எதுவும் சொல்லவில்லை.

"ஏணிகிட்டப் போய்ச் சொல்லு," என்றேன்.

"என்னன்னு?"

"என்கிட்டச் சொன்னதத்தான்."

ஏணி அப்போது ஒரு மரச்சாமான் கடையில் சுமை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தான். அவன் உயரத்துக்கு அந்த வேலையைக் கொடுத்திருந்தார்கள். அலமாரியை மாடிக்கு ஏற்றும்போது மேல் முனையைப் பிடிக்க வாகாக இருக்கும் அல்லவா? நாங்கள் தேடிப் போனபோது ஒரு பழைய குடியிருப்பின் வாசலில், வண்டியிலிருந்து மூன்று கதவு அலமாரி ஒன்றை இறக்கி வைத்துவிட்டு நின்றான். சட்டையைக் கழற்றித் தோளில் போட்டிருந்தான். கூட வேலை பார்க்கிறவன் அன்றைக்கு வரவில்லை.

"நல்ல நேரத்துல வந்தடா. கீழ் முனையைப் புடி. மூணாவது மாடி. அண்ணே, நீங்க அந்த டிராயர் ரெண்டையும் எடுத்துக்கிட்டு வாங்க."

மச்சினன் வாயைத் திறந்தான். ஏணி அதற்குள் குனிந்துவிட்டான். அவன் முதுகு எங்களுக்கு நேராக வந்தது. தோள்பட்டைக்குக் கீழே, வெளிறிப்போய், வட்டமாக ஒரு தழும்பு. யாரோ சூடான தட்டை வைத்து எடுத்தது போல.

மச்சினன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"என்னடா பாக்கற?"

"முதுகு."

"ஆங்." ஏணி நிமிர்ந்து, எட்டாத இடத்தைத் தொட முயன்று கையை விட்டுவிட்டான். "தழும்பு இருக்குன்னு என் பொண்டாட்டி சொல்றா. என் முதுகு எனக்கு எங்க தெரியுது? உள்ளதச் சொல்லட்டுமா? அவங்க சிரிச்ச அன்னையிலேர்ந்து எனக்கே சந்தேகமா இருக்குடா. அப்படியெல்லாம் நெஜமாவே நின்னேனா, இல்ல நீ அழகா சொல்லிச் சொல்லி அப்படி ஆயிடுச்சான்னு. வயசாகுதுல்ல. சரி, புடி, தூக்கு."

படி குறுகல். ஏணி மேலே பின்பக்கமாக ஏறினான். மச்சினன் கீழே. நடுவில் அலமாரி, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. அவர்களுக்குப் பின்னால் இரண்டு டிராயரோடு நான். அந்த அலமாரியின் எடையைச் சரியாகச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். அதை ஏற்றியபோது கட்டிடம் ஒரு விரற்கடை அமுங்கியது. அப்புறம் நிமிரவே இல்லை.

இரண்டாவது மாடித் திருப்பத்தில், ஓய்வுக்கு வைக்கவும் இடமில்லாத இடத்தில், மச்சினன் பேச ஆரம்பித்தான்.

"டேய். உன்னைப் பத்தி நான் உள்ள சொல்லல."

"எங்க உள்ள? இடது பக்கம் சாயி."

"இன்டர்வியூல. கதவ மறிச்சது நீங்களான்னு கேட்டாங்க, ஆமாம்னு சொல்லிட்டேன். உன் கதைய என் கதையாச் சொல்லிட்டேன். அப்பறம் நீ போய்ச் சொன்னியா, நீ திருடிச் சொல்றன்னு நெனச்சுட்டாங்க. அதான் சிரிச்சாங்க. நீ நெஜமாத்தான்டா நின்ன. உன் முதுகுல இருக்கு. நான் வண்டிக்குள்ள இருந்தேன்."

அலமாரி நின்றது. நான் டிராயர்களை மார்போடு அணைத்துக்கொண்டேன். மேல் முனையில் இருப்பவன் கையை விட்டால், அலமாரி, மச்சினன், நான் என்ற வரிசையில் தெருவுக்குப் போய்ச் சேருவோம். என் மனைவிக்கு யார் சொல்வது என்று யோசித்தேன். எதிர்வீட்டு அம்மாள் சொல்வாள். துணி காயவைக்க ஆள் போச்சே என்று அவளும் நாலு சொட்டு அழுவாள்.

அலமாரி மெதுவாக மேலே நகர்ந்தது.

ஏணி கையை விடவில்லை. மூன்றாவது மாடிவரை ஏறினான். வாடிக்கையாளர் காட்டிய சுவரோரமாக, தரையில் கீறல் விழாமல் இறக்கினான். என்னிடமிருந்து டிராயர்களை வாங்கிப் பொருத்தினான். கதவுகளைத் திறந்து மூடிப் பார்த்தான். படிக்கட்டுக்குத் திரும்பி வந்த பிறகுதான் மச்சினனைப் பார்த்தான்.

"உள்ள சொன்ன ஆமாம் சரி. பயத்துல வந்திருக்கும். நீ எல்லாத்துக்கும் சொல்றதுதான்." தோளிலிருந்து சட்டையை எடுத்து உதறினான். "வெளில வந்து பெஞ்சுல உக்காந்து நான் கேட்டேன் பாரு. என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே ஒரு ஆமாம் சொன்ன. அது எதுக்குடா?"

மச்சினன் அழுதான். ஐம்பது வயது ஆள், யாரோ வீட்டு மாடிப்படியில் நின்று, புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அழுதான். ஏணி அவனைத் தட்டிக்கொடுக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. சட்டையைப் போட்டுப் பொத்தானைப் பொறுமையாக ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டான். கீழ் வாசல்படியில் அவன் தலை இடித்த சத்தம் கேட்டது. வழக்கமாகச் சொல்லும் 'ஐயோ'வைக்கூட அன்றைக்குச் சொல்லவில்லை.

மறுநாள் மச்சினன் சலவைக்கூடத் தலைவியின் அறைக்குப் போனான். நான் வெளியே நடைவழிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நான் ஒட்டுக்கேட்கவில்லை. என் காது அந்தக் கதவிடுக்குக்குத் தானாகப் போயிருந்தது, அதைத் திரும்பக் கூட்டிவரத்தான் நான் பக்கத்தில் போனேன்.

"அந்த டிரையர் விஷயத்துல நின்னது நான் இல்ல மேடம். எனக்குப் பின்னாடி வந்தாரே, உயரமா ஒருத்தரு. அவருதான். நீங்க சிரிச்சீங்க."



"இதை நீங்க சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சிருக்காது," என்றாள் அம்மாள்.

"ஆமாம்."

"வேலை போயிடும்னு தெரியுமா?"

"ஆமாம்."

"அந்தாளப் பாத்து நாங்க மூணு பேரும் சிரிச்சோம்." நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "அவரு திரும்ப வருவாரான்னு கேட்டுச் சொல்லுங்க. நானே கூப்பிடறேன். நெருப்பு விஷயத்துல நம்ப முடியாத ஆளை நான் சூப்பர்வைசரா வச்சுக்க முடியாது. உங்களுக்கு அது புரியும்னு நெனைக்கறேன். மடிக்கற பிரிவுல ஆள் கொறையுது. வர்றீங்களா?"

"ஆமாம்," என்றான் மச்சினன். இவ்வளவு சத்தமாக அவன் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஏணி முதலில் வர மறுத்துவிட்டான். அவன் மனைவி, "உங்க ரோஷத்த மடிச்சு அந்த அலமாரில வச்சுட்டுக் கெளம்புங்க," என்று சொல்லி அனுப்பிவைத்தாள். இரண்டாம் தடவை உட்காரவைத்து அம்மாள் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறாள். ஏணி, "டிரையர்ல புகை வந்துச்சு, நிறுத்தினேன் மேடம். ஒண்ணும் பெரிசா இல்ல," என்றானாம். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லையாம். எஞ்சினியர் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டாராம். சூப்பர்வைசர் வேலை ஏணிக்கே கிடைத்தது.

எங்கள் வீட்டுக்கு அவன் வெகுகாலம் வரவில்லை. என் மனைவி அந்த மூன்று நாற்காலிகளையும் வேறு வேறு அறைகளில் போட்டுவிட்டாள்.

போன மாதம் வேலைக்குப் போகிற வழியில் எங்கள் வீட்டுக்கு வந்த மச்சினன் மதியச் சாப்பாட்டை மறந்து வைத்துவிட்டுப் போனதால் நான் எடுத்துக்கொண்டு போனேன். பெரிய டிரையர் முன்னால் புது ஆட்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். பாதுகாப்புப் பாடம். ஏணி முன்னால் நின்றான். இரண்டு தடவை தொண்டையைச் செருமினான். அப்புறம் மடிக்கும் மேசைப் பக்கம் கையைக் காட்டி, "அவரு சொல்லுவாரு," என்றான்.

மச்சினன் கையிலிருந்த விரிப்பை மடித்து வைத்துவிட்டு வந்தான்.

"மசாஜ் ரூம் துண்டெல்லாம் எண்ணெயோட வெந்துக்கிட்டிருந்துச்சு. எல்லாரும் கதவத் திறங்கன்னு கத்துறாங்க. இவரு முதுகக் குடுத்து நின்னாரு." ஏணியைக் காட்டினான். குரலில் ஏற்ற இறக்கம் எல்லாம் இருந்தது. கை மட்டும் விரியவில்லை, இரண்டும் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருந்தன. "சட்டையப் புடிச்சு இழுத்தாங்க. நகரல. முதுகு வெந்துபோச்சு. நகரல."

"நீங்க எங்கண்ணே இருந்தீங்க?" என்று வரிசையில் ஒரு பெண் கேட்டாள்.

மச்சினன் ஓரத்தில் நின்ற அழுக்குத் துணி வண்டியைக் கையால் தட்டிக் காட்டினான். "இந்த மாதிரி ஒண்ணுக்குள்ள. மேல ரெண்டு போர்வை."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கை தட்டினார்கள்.

ஏணி சிரிக்கவில்லை. அவன் அதற்குள் திரும்பி டிரையரின் வடிகட்டியை இழுத்து, ஒட்டியிருந்த பஞ்சுத்தூசியை வழித்துக்கொண்டிருந்தான். கை தட்டுவது அடங்கும்வரை மச்சினன் அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றான். மாதாமாதம் வண்டியைத் தட்டிக் காட்டும் அந்த இடத்தில்தான் கதையை முடிக்கிறானாம். அதற்கப்புறம் போய் மறுபடி விரிப்பு மடிக்கத் தொடங்குகிறான்.